காலையில் சிங்கம், மாலையில் சிங்கப்பெருமாள்

கோடை விடுமுறையில் பேரக்குழந்தைகள் வந்துவிட்டால், பொத்தேரிவாசிகளுக்கு ஒரே நாளில் இரண்டு சிங்க தரிசனம் வாய்க்கும். வடக்கே வண்டலூரில், 1985இல் திறக்கப்பெற்ற அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. செவ்வாயன்று விடுமுறை. நடக்க இயலாதோர்க்கு பேட்டரி வண்டி உண்டு. ஆயினும் வெயில் ஏறுமுன் வீடு திரும்புவதே உத்தமம்.

மாலையில், தெற்கே மூன்றாவது இரயில் நிலையமான சிங்கப்பெருமாள் கோயில். பாடலாத்ரி எனும் சிறு குன்றைக் குடைந்த குகையில் நரசிம்மர் வீற்றிருக்கிறார். அவரை வலம்வர வேண்டுமெனில் குன்றையே சுற்ற வேண்டும். சந்நிதியில் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அர்ச்சகர் திருநாமத்தை விலக்கி ஆரத்தி காட்டுகையில்தான் நெற்றிக்கண்ணைச் சேவிக்க முடியும்.

“காலையில் பார்த்த சிங்கத்துக்கு இந்தக் கண் இல்லையே, தாத்தா?” என்று குழந்தை கேட்கக்கூடும். பிரகலாதன் கதையைக் குன்றைச் சுற்றும்போதே தொடங்கிவிடலாம்.