அச்சு முறிந்த இடம்

வீட்டில் ஊசி தொலைந்து போனால் தேடுகிறோம். யாருடையதென்று தெரியாத ஊசி ஒன்று கிடைத்தால் எடுத்துப் பத்திரப்படுத்துகிறோம். காரின் இன்ஜினுக்குப் பக்கத்தில் முறிந்த போல்ட் ஒன்று கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்? கல்லங்குறிச்சிக்குப் போய் வந்த பிறகுதான் இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரிந்தது.

அரியலூரிலிருந்து நாலைந்து கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது கல்லங்குறிச்சி. அங்கே கோவில் கொண்டிருப்பவர் கலியுக வரதராஜப் பெருமாள். என் மாமியாருக்குப் பிறந்த வீடு அந்தப் பக்கம்தான். சம்பா அறுவடையானதும் முதல் நெல்லில் ஒரு மரக்கால் பெருமாளுக்கு அளந்து கொட்ட வேண்டும் என்பது அவர் சிறு வயது முதல் பார்த்து வந்த வழக்கம். மாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், நெல் மூட்டையும் புளியோதரைத் தூக்கும் மாமியாருமாகத் திருச்சியிலிருந்து புறப்பட்டோம். என் கணவர் வண்டியை ஓட்டினார். பத்து வயதுப் பையன் கேள்விகளை ஓட்டினான்.

கல்லக்குடியைத் தாண்டியதும் பூமியின் நிறமே மாறிவிட்டது. சுண்ணாம்புக்கல் நாடு அது. சிமெண்டு ஆலைகளும் கல் ஏற்றிச் செல்லும் லாரிகளுமாக, சாலையோரத்து வேப்பமரங்கள் எல்லாம் பவுடர் பூசிக் கொண்டு நின்றன. வழியில் இளநீர் குடிக்க நிறுத்தினோம். அங்கே கிடந்த கல் குவியலிலிருந்து பையன் ஒரு துண்டைப் பொறுக்கிக் கொண்டு வந்தான். அதில் ஒரு சிப்பி, கல்லோடு கல்லாகப் பதிந்திருந்தது.

"கடல் இங்கே எங்கேம்மா இருக்கிறது?" என்றான்.

கடல் இப்போது இல்லை, முன்பு இருந்தது. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்த வட்டாரம் கடலுக்கடியில் கிடந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகள் படிந்து படிந்துதான் இந்தச் சுண்ணாம்புக்கல் உண்டாயிற்று. பூமியைப் படிப்பவர்கள் இந்தப் பாறை அடுக்குக்குக் கல்லங்குறிச்சியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்! சிப்பியின் மேல் வளைவு வளைவாகக் கோடுகள் இருந்தன. சிப்பி வளர வளர ஓட்டின் விளிம்பில் ஒவ்வொரு கோடாகச் சேரும் என்று பையனுக்குச் சொன்னேன். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டான்.

கோவிலில் நல்ல கூட்டம். கருவறையில் வழக்கமான பெருமாள் திருவுருவம் கிடையாது. உயர்ந்த கற்கம்பம் ஒன்றுதான் மூலவர். அதன் அடியில் ஆஞ்சநேயர் வடிவம். கம்பத்துக்கு நாமம் சாத்தி, மாலை சூட்டி, தீபம் காட்டும்போது மெய் சிலிர்க்கிறது. மாமியார் நெல்லை அளந்து கொட்டிவிட்டு, மண்டபத்தில் உட்கார்ந்து பேரனுக்குத் தலத்தின் கதையைச் சொன்னார்.

"முன்னே ஒரு காலத்திலே கோவில் கட்ட இந்தக் கம்பத்தை வண்டியிலே ஏற்றிக்கொண்டு போனாங்களாம். இந்த இடத்துக்கு வந்ததும் வண்டியோட அச்சு முறிஞ்சு போச்சு. கம்பத்தை இங்கேயே போட்டுட்டுப் போயிட்டாங்க. ரொம்ப நாள் கழிச்சு, மங்கான்னு ஒரு விவசாயியோட சினைப்பசு காணாமல் போச்சு. தேடிக்கொண்டு வந்து பார்த்தால், பசு இந்தக் கம்பத்து மேலே பாலைச் சொரிஞ்சுக்கிட்டு நிக்குது. அப்புறம் பெருமாள் கனவிலே வந்து, 'இது கல் இல்லை, நான்தான்'னு சொன்னாராம்."

"அச்சு ஏன் பாட்டி முறிஞ்சுது?" என்று கேட்டான் பையன்.

"பெருமாளுக்கு இறங்கணும்னு தோணிச்சு!" என்று பதில் வந்தது.

வெளியே வந்தோம். மணி மூன்று. காரின் கண்ணாடியெல்லாம் சிமெண்டுத் தூசி. கண்ணாடி கழுவும் தண்ணீரை நிரப்புவதற்காக என் கணவர் முன் மூடியைத் திறந்தார். "இதென்ன?" என்று பேட்டரிக்குப் பக்கத்திலிருந்து எதையோ எடுத்தார். ஒரு போல்ட்டின் தலையும், அதோடு ஒட்டிக் கொண்டிருந்த அரை அங்குலத் தண்டும். மற்ற பாதியைக் காணோம்.

"பழசாக இருக்கும். எப்போதோ மெக்கானிக் போட்டுவிட்டுப் போயிருப்பான்" என்று சொல்லி, புதர்ப் பக்கம் வீசக் கையை ஓங்கினார்.

"கொஞ்சம் கொடுங்கள்" என்று வாங்கிப் பார்த்தேன். எனக்கு இயந்திரம் தெரியாது. ஆனால் அரிவாள்மணை தெரியும்; தோசைக்கல் தெரியும். கழுவித் துடைக்காமல் வைத்த இரும்பு மறுநாளே நிறம் மாறிவிடும். இந்த முறிவு வாயில் முக்கால் பாகம் கறுத்துப் பழுப்பேறிக் கிடந்தது. ஓர் ஓரம் மட்டும் புதுப் பாத்திரம் போல மினுங்கியது.

"பழைய போல்ட் என்றால் இந்த ஓரம் ஏன் பளபளக்கிறது?" என்றேன். "வரும்போது கீச் கீச்சென்று ஒரு சத்தம் வந்ததே, அதுவும் ஞாபகம் இருக்கட்டும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திருச்சிக்கு எழுபது கிலோ மீட்டருக்கு மேல் போக வேண்டும். பொழுது சாய்ந்துவிட்டால் கல் லாரிகளுக்கு நடுவே ஓட்ட வேண்டும். பின் ஸீட்டில் முதியவரும் குழந்தையும். "புறப்பட்டுவிடலாம்" என்று சொல்ல வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக் கொண்டார். பூக்கடை அம்மாள் அரியலூர் மெக்கானிக் ஒருவருக்குப் போன் செய்து கொடுத்தார். லாரி வேலையில் பழுத்த மனிதர். அரை மணியில் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

அவர் முதலில் இன்ஜினைப் பார்க்கவில்லை, போல்ட்டைத்தான் பார்த்தார். தலையில் 13-ம் நம்பர் ஸ்பானரைப் பொருத்தினார். சரியாக உட்கார்ந்தது. தலைமேல் 8.8 என்று பொறித்திருந்ததைக் காட்டினார். "இது பலத்துக்குப் போடுகிற அடையாளம், அம்மா. சுண்டுவிரலைவிட மெல்லிசுதான். ஆனால் நேராக இழுத்தால் ஏறக்குறைய 3 டன் தாங்கும்."

"அப்படியானால் எப்படி முறிந்தது?"

அவர் தமது செல்போன் காமிராவில் முறிவு வாயைப் பெரிதாக்கிக் காட்டினார். கறுத்த பாகத்தில் மெல்லிய வளைவுக் கோடுகள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடின.

பையன் கூவினான்: "அம்மா, சிப்பி!" சட்டைப் பையிலிருந்து கல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அச்சாக அதே மாதிரிதான் இருந்தது.

"தம்பி சரியாகச் சொன்னான்" என்றார் மெக்கானிக். "சிப்பி கோடு கோடாக வளர்ந்த மாதிரி இதிலே விரிசல் வளர்ந்திருக்கிறது. பல நாள் வேலை. கடைசியில் மிஞ்சியிருந்த துளியூண்டு இரும்பு இன்றைக்கு விட்டுப் போச்சு. அதுதான் பளபளப்பு."

வாளியின் கம்பிப் பிடியை ஒரே இழுப்பில் அறுக்க முடியுமா? முடியாது. இப்படியும் அப்படியும் வளைத்துக் கொண்டேயிருந்தால் பட்டென்று விட்டுப் போகிறது. இரும்புக்கும் களைப்பு உண்டு. இன்ஜின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றினால் ஒரு மணி நேரத்தில் 1,20,000 சுற்று. இறுக்கமாக இருக்கும் போல்ட்டை அந்த அதிர்வு அவ்வளவாகப் பாதிப்பதில்லை. தளர்ந்த போல்ட்டோ ஒவ்வொரு அதிர்வுக்கும் அசைந்து அசைந்து களைத்துப் போகிறது.

உலகம் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக் கொண்டது. 1842-ம் ஆண்டு மே 8-ம் தேதி, பிரான்சில் வெர்சேல்ஸ் நகரத்துத் திருவிழாவைப் பார்த்துவிட்டுப் பாரிஸுக்குத் திரும்பிய ரயிலில் இன்ஜினின் அச்சு முறிந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நன்றாக ஓடிக் கொண்டிருந்த அச்சு ஏன் முறிய வேண்டும் என்று அதன் பிறகுதான் நிபுணர்கள் ஆராயத் தொடங்கினார்கள். ஜெர்மனியில் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சோதித்து, இரும்பின் களைப்புக்குக் கணக்குக் கண்டுபிடித்தார்.

எங்கள் போல்ட் எந்த இடத்துப் பிள்ளை? மெக்கானிக் டார்ச் விளக்கோடு குனிந்து தேடினார். ஆல்டர்னேட்டரைத் தாங்கும் இரும்புப் பட்டையில் இரண்டு போல்ட்டுகள் இருக்க வேண்டும். கீழே ஒன்று இருந்தது. அதுவும் கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. மேலே வெறும் ஓட்டை. உள்ளே மற்ற பாதி. அதன் விளிம்பில் சின்ன உளியை வைத்துத் தட்டினார். அது எதிர்ப்பே காட்டாமல் சுற்றிக் கொண்டு வெளியே வந்தது. "பாருங்கள், இறுக்கியே வைக்கவில்லை" என்றார். சில மாதங்களுக்கு முன்பு திருச்சியில் ஒரு பட்டறையில் பெல்ட் மாற்றியது எங்கள் நினைவுக்கு வந்தது. இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்தார். ஒட்டிய மாங்கொட்டை போலப் பொருந்தின.

"இப்படியே போயிருந்தால்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"உங்கள் வண்டியில் தண்ணீர் பம்பும் இந்த பெல்ட்டில்தான் ஓடுகிறது. பெல்ட் கழன்றால் இன்ஜின் கொதிக்கும், பேட்டரி இறங்கும், விளக்கு மங்கும். இருட்டில், லாரிக்கு முன்னால் நின்றிருக்கும்."

என் கணவர் ஒன்றும் பேசவில்லை. மெக்கானிக் அதே 8.8 அடையாளமிட்ட இரண்டு புதுப் போல்ட்டுகளைப் போட்டு, அளவு காட்டும் ஸ்பானரால் இறுக்கினார். பெல்ட்டைச் சரி செய்தார். கீச்சொலி நின்றது. கொடுத்த பணத்தில் தமது கூலியை மட்டும் எடுத்துக் கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

வாசக சகோதரிகளே, வண்டிக்குள் முறிந்த இரும்புத் துண்டு கிடைத்தால் தயவு செய்து வீசிவிடாதீர்கள். முறிவு வாயைப் பாருங்கள். இது எங்கிருந்து வந்தது என்று தெரிகிற வரையில் வண்டியை நகர்த்த விடாதீர்கள். இயந்திரம் தெரியாதே என்று தயங்கவும் வேண்டாம். துரு ஏறிய இரும்பையும் புது இரும்பையும் பிரித்துப் பார்க்க நமக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை.

புறப்படும்போது மாமியார் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"அன்றைக்கு அச்சு முறிஞ்சதும் வண்டிக்காரன் பிடிவாதமாக ஓட்டியிருந்தால் கம்பம் வேறே எங்கேயோ போயிருக்கும். நின்னான்; கோவில் வந்தது. முறிஞ்சால் நிக்கணும்டா, ராஜா" என்றார் மகனிடம்.

"சரிம்மா" என்றார் என் கணவர். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் வண்டி விஷயமாக அவர் 'சரி' சொன்னது அன்றுதான்.

முறிந்த போல்ட்டின் இரண்டு பாதிகளும் இப்போது என் தையல் பெட்டியில், அந்தக் கல் சிப்பிக்குப் பக்கத்தில் இருக்கின்றன.