முகிலிற் குடியேறிய கடிதங்கள்

கடிதம் வந்ததா என்று கேட்போர் உண்டு. அது எங்கே வசிக்கின்றது என்று கேட்போர் இல்லை. மின்னஞ்சல் என நாம் வழங்கும் இக்காலத்துக் கடிதம் காற்றிலே மிதப்பதன்று. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் அறையில், மின்சாரத்தை உண்டு குளிர்காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெட்டிக்குள்ளே அது கிடக்கின்றது. கொழும்புப் புறநகரொன்றில் நாம் தொழில் புரியும் தேயிலை ஏற்றுமதிக் கந்தோரில், தாழ்வாரத்தின் கோடியிலிருந்த சிற்றறையே அதன் இருப்பிடமாயிருந்தது. சேர்வர் என்பது அப்பெட்டியின் பெயர். எழுதுவினைஞர்களுக்கு மின்விசிறி, அதற்கு மட்டும் இரவும் பகலும் குளிரூட்டி. மருமகனுக்குரிய உபசாரம் என்று நாம் பரிகசிப்பதுண்டு.

அந்த உபசாரத்துக்கு 2022ஆம் ஆண்டிலே முடிவு வந்தது. மார்ச் மாத இறுதியில் நாட்டின் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலங்களை எட்டியது. மின்பிறப்பாக்கி இருந்தது, அதற்கு ஊற்ற டீசல் இருக்கவில்லை. பற்றரி அரைமணி நேரம் தாங்கும். அப்பால் பெட்டி கண்ணை மூடிவிடும். அனுப்புவோரின் சேர்வர் பூட்டிய கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துச் சில நாள்கள்வரை பொறுத்திருக்கும் இயல்புடையதாதலால், கடிதங்கள் பெரும்பாலும் தொலைந்துபோகவில்லை, தாமதித்து வந்தன. ஆனால், விலை கேட்டு எழுதிய கடல்கடந்த வியாபாரிக்கு அத்துணைப் பொறுமை ஏது? மறுமொழி காணாமையால், எங்கள் கொம்பனி மூடப்பட்டதென்றே எண்ணிய ஒருவரும் இருந்தார்.

அப்பொழுதே முகிலுக்குப் போய்விடுவோம் என்ற பேச்சு எழுந்தது. முகில் என்பது அலங்காரப் பெயர். அங்கேயும் இருப்பவை பெட்டிகளே. ஆயினும் அவை ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டு, காவலும் மின்சாரமும் குறைவின்றி, வேறொரு பெரிய நிறுவனத்தின் மண்டபங்களில் வாழ்கின்றன. நாம் அவற்றில் குடிக்கூலிக்கு இடம் பெறுகிறோம். அந்தக் கூலியோ டொலரிலே, தலைக்கு இவ்வளவென்று மாதந்தோறும் அளக்கப்படுவது. மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்த காலம் அது. சொந்த வீட்டை விட்டு வாடகை வீட்டுக்குப் போவதா என்று இயக்குநர் வினவியது தவறென்று எவர் சொல்லுவார்?

பேச்சு அடங்கியிருந்தது. 2023 ஆகஸ்டில் அரசாங்க மின்னஞ்சற் சேவையைக் கணினிக் கப்பக்காரர் தாக்கினர். அமைச்சரவை அலுவலகத்தினது உட்பட, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தன. பழைய பதிப்பு மென்பொருள். அம்மாதங்களின் கடிதங்களுக்கு வேறிடத்திற் காத்த பிரதியும் இல்லை. அதுவும் அரசாங்க முகில் என்னும் பெயர் தாங்கிய சேவைதான் என்பதை வாசகர்கள் மறந்துவிடலாகாது. பெயரிலே காவல் இல்லை. எங்கள் சிற்றறையிலிருந்த மென்பொருளுக்கும் 2025 அக்டோபர் 14உடன் ஆதரவு நின்றுவிடும் என்று அதனைச் செய்த மைக்ரோசொவ்ற் அறிவித்திருந்தது. அதன்பின் இயக்குநர் வினவவில்லை.

2025 வெசாக் விடுமுறையை ஒட்டிய நான்கு நாள்களில் குடிபெயர்ப்பு நிறைவேறியது. பழைய கடிதங்கள் அதற்கு முன்னரே பல வாரங்களாக இரவிரவாகப் பிரதிசெய்யப்பட்டன. பின்னர், எங்கள் பெயருக்கு வரும் கடிதங்களை எவ்வீட்டிற் சேர்ப்பதென்று உலகுக்குக் கூறும் முகவரிக் குறிப்பு மாற்றப்பட்டது. திருத்தியது ஒரேயொரு வரி! எல்லாம் சுகமே முடிந்ததென மகிழ்ந்திருக்கையில், தாள்களைப் படம்பிடித்து அஞ்சல் செய்யும் பிரதியெடுக்கும் இயந்திரம் மட்டும் புதிய வீட்டின் திறப்பை அறியாது மூன்று நாள் முரண்டு பிடித்தது.

ஆனால், எம் உள்ளத்தைத் தொட்டது இயந்திரமன்று. இடம்பெயர வேண்டிய பெட்டிகளின் பட்டியலைத் தொழில்நுட்ப இளைஞர் எம்மிடம் கொணர்ந்தபோது, அவற்றுள் 23க்கு உரியவர் இல்லை. ஓய்வு பெற்றோர், விலகியோர், மறைந்தோர். "இறந்தவருக்கும் தலைக்கூலி கட்டுவதா? அழித்துவிடுங்கள்," என்றார் இயக்குநர். அவற்றுள் ஒன்று, கப்பற் பத்திரப் பகுதியில் 27 ஆண்டு உழைத்து 2020இல் காலமான எம் நண்பருடையது. கோபித்து எழுதிய வியாபாரியை நான்கு வரியிற் குளிரவைக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. இன்று அப்பகுதியிலிருக்கும் பிள்ளைகள் அக்கடிதங்களைப் பார்த்தே எழுதப் பழகினர்.

வழி ஒன்று இருந்தது. ஒருவருடைய பெட்டியைப் பலருக்குரிய பொதுப் பெட்டியாக மாற்றிவிட்டால், 50 கிகாபைற் அளவுக்கு மேற்படாதவரை அதற்குத் தலைக்கூலி இல்லை. நண்பருடையது 38. இளைஞர் இதனை விளக்கியதும் இயக்குநர் சிரித்துவிட்டு ஒப்பமிட்டார்.

பொதுப் பெட்டியானால் பலர் கண்ணும் படுமே என்று, அவர் வீட்டாருக்கு ஒரு வார்த்தை அறிவித்தோம். ரொறன்ரோவில் வாழும் மகள் அன்றிரவே தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, அப்பா எழுதினது எல்லாம் என்னட்டை இருக்கு. நான் எழுதினதை அவர் வைச்சிருந்தவரோ?" என்றாள்.

கொம்பனிப் பெட்டியிற் கிடப்பது கொம்பனியின் சொத்து என்பது விதி. விதியை எழுதியவர் தந்தையர் கந்தோரிலிருந்து பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுவதை அறியாதவர் போலும். தேடியபோது, 'வீடு' என்று தமிழிலே பெயரிட்ட ஓர் உறை அகப்பட்டது. அதனுள்ளே 412 கடிதங்கள். ஒன்றையேனும் திறவாது, இயக்குநரின் அனுமதியுடன், அவற்றை அவளுக்கு அனுப்பிவிட்டுப் பொதுப் பெட்டியிலிருந்து நீக்கினோம். பெற்றுக்கொண்டதாக ஒரு வரி வந்தது, வேறொன்றும் எழுதவில்லை.

பழைய சேர்வரின் தட்டுகளைத் துளையிட்டுப் பாழாக்கிய பின்னரே இரும்பு வியாபாரியிடம் கொடுத்தோம். சிற்றறையில் இப்பொழுது தேயிலை மாதிரிகள் அடுக்கப்பட்டுள்ளன. ஈரம் படாதிருத்தல் நன்றென்று குளிரூட்டியை மட்டும் கழற்றாமல் விட்டிருக்கிறார்கள்.