தீபாவளியும் மிலுவும்

டின்டின் படக்கதைகளில் வரும் வெள்ளை நாய்க்கு பிரெஞ்சில் மிலு என்று பெயர். பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு அந்தப் பெயர் மனதில் தங்கிவிட்டது. அதனால் எங்கள் வீட்டு நாய்க்கும் அதையே வைத்தேன். இது வெள்ளையும் இல்லை, உயர்ந்த ரகமும் இல்லை. செம்பழுப்பு நிறத்தில் ஒரு நாட்டு நாய். வயது பன்னிரண்டு ஆகிறது. இதயம் பலவீனமாகி, தினமும் மாத்திரையில் இருக்கிறது.

புதுச்சேரியில் நான் சிறுவனாக இருந்தபோது நாய் என்றால் தெருவுக்குச் சொந்தம். தீபாவளியன்று முதல் வெடி வெடித்ததுமே எங்கோ ஓடிப்போகும். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வரும். எங்கே இருந்தது, என்ன தின்றது என்று யாரும் கேட்டதில்லை. இப்போது நாய் நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. கேட்டைப் பூட்டி வைக்கிறோம். ஓட வழியில்லாமல் செய்தது நாம் என்றால், ஒளிந்துகொள்ள இடம் கொடுக்க வேண்டியதும் நாம்தான். பண்டிகை நாட்களில் வீட்டுப் பிராணிகளைப் பார்த்துக்கொள்வது பற்றி நான் சொல்ல வருவதெல்லாம் இந்த ஒன்றுதான்.

நம் வீடுகளில் பண்டிகைக்கா பஞ்சம்! பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை வாங்குகிறோம். எருக்கம்பால் நாய்க்கும் பூனைக்கும் ஆகாது. பூஜைக்கு வைக்கும் அரளி அதைவிட மோசம், இதயத்தையே பாதிக்கும். மாலையை மறுநாள் கழற்றி வாசலில் போடாமல் எட்டாத இடத்தில் போடுங்கள். கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் ஊரில் பக்கத்து வீட்டிலிருந்து கேக் வராமல் இருக்காது. அதில் ரம்மில் ஊறிய திராட்சை இருக்கும். உலர் திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எந்த நாய்க்கு எவ்வளவு தின்றால் ஆபத்து என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கேசரியிலும் பாயசத்திலும் போடுகிறோமே, அதே திராட்சைதான். சாக்லேட்டும் கூடாது. கறிக்குழம்பில் வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். "பண்டிகை நாள், அதுவும் கொஞ்சம் சாப்பிடட்டுமே" என்று விருந்தாளிகள் அன்பாகத்தான் போடுவார்கள். போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போகி அன்று புகை, கார்த்திகைக்கு வரிசையாக அகல் விளக்கு. பூனையின் வாலும் அகல் விளக்கும் ஒரே உயரம் என்பதை மறக்கக் கூடாது.

இவையெல்லாம் கவனமாக இருந்தால் சமாளிக்கக் கூடியவை. தீபாவளி அப்படி இல்லை.

மனிதக் காது நன்றாக இருக்கும் வயதில் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். எழுபது தாண்டிய என் காதுக்கு அதில் பாதி தேறினாலே பெரிது. நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் வரக் கூடாது என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று 2 மணி நேரம்தான் வெடிக்கலாம் என்றும் சொன்னது. நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். உத்தரவுக்கும் தெருவுக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும்.

2024இல் தீபாவளி அக்டோபர் 31ஆம் தேதி வந்தது. பிரான்சில் பள்ளிகளுக்கு அப்போது தூசேன் விடுமுறை. அங்கே இருக்கும் என் மகன் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னான். பேரனுக்கு ஒன்பது வயது, ஊரில் அவனுக்கு முதல் தீபாவளி. போனில் அவன் கேட்ட முதல் கேள்வியே, "தாத்தா, லட்சுமி வெடி வாங்கி வெச்சிருக்கீங்களா?" என்பதுதான். ஒரு பக்கம் இவன், மறுபக்கம் மிலு. வேண்டாம் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? சரி என்று மிலுவிடம் எப்படிச் சொல்வது?

கால்நடை மருத்துவரிடம் போய்க் கேட்டேன். "சார், வெடியே இல்லாத தெருவுக்கு உங்களால குடிபோக முடியாது. சத்தத்தைக் குறைக்கலாம், பயத்தைக் குறைக்கலாம்" என்றார். இதயத்துக்குக் கொடுக்கும் மாத்திரையோடு ஒத்துப்போகும் மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்தார். தீபாவளிக்குச் சில நாள் முன்பே ஒரு வேளை கொடுத்துப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று தன்னிடம் சொல்லச் சொன்னார். நம் வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையையோ வலி மாத்திரையையோ கொடுக்கவே கூடாது என்றார். பாராசிட்டமால் ஒரு மாத்திரை பூனையின் உயிரையே வாங்கிவிடுமாம். பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் பழகிவிடும் என்று நம்மில் பலர் சொல்வோம். அதுவும் சரியில்லை, தாராளமாக அணைத்துக்கொள்ளலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய வழக்கப்படி ஓர் உத்தரவு எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். சரவெடி, ஆட்டம்பாம் வாங்குவதில்லை. வெடிகள் வீட்டு வாசலில் இல்லை, மாமா வீட்டு மொட்டை மாடியில் மட்டும். மத்தாப்பும் புஸ்வாணமும் நம் வாசலில், இரவு 7 முதல் 8 வரை. எரிந்த கம்பிகளுக்கு ஒரு வாளித் தண்ணீர். மாலை 4 மணிக்கே மிலுவுக்கு நடையும் சாப்பாடும் முடிந்துவிட வேண்டும். கழுத்துப் பட்டையில் போன் நம்பர். பிரெஞ்சுப் பள்ளியில் லா ஃபொந்தேன் கதையில் கழுத்துப் பட்டையை அடிமைத்தனத்தின் அடையாளம் என்று படித்தோம். தீபாவளி இரவில் தொலைந்துபோகும் நாய்க்கு அதுதான் முகவரி.

கடைசி வரி: பின்னறைப் பொறுப்பு, தாத்தா.

என் மனைவி படித்துவிட்டு, "என்னங்க, பையன் முதல் மத்தாப்பு கொளுத்தறத நீங்க பாக்க வேணாமா?" என்றாள். பார்க்க ஆசைதான். ஆனால் யாராவது ஒருவர் உள்ளே இருந்தாக வேண்டுமே.

ஜன்னலைச் சாத்தி, கனமான போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டு, ஃபேனையும் டிவியையும் சத்தமாக வைத்தேன். மிலு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. நான் தரையில் பாய் போட்டு அதன் முதுகில் கை வைத்துக்கொண்டேன். நடுங்கியது. மற்ற வருடங்களைப் போல எச்சில் ஒழுகவில்லை, கதவைப் பிறாண்டவில்லை. எட்டு மணிக்கு முன்பே பேரன் கந்தக வாசனையோடு உள்ளே வந்தான். ஒன்றும் சொல்லாமல் கட்டிலுக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, தன் டின்டின் புத்தகத்தை எடுத்து மிலுவுக்குப் படித்துக் காட்டினான். பத்து மணிக்கு மிலு தண்ணீர் குடித்தது. அவன் கொளுத்திய மத்தாப்பை நான் மறுநாள் போனில் வீடியோவாகப் பார்த்தேன்.

தெரு நாய்களுக்கு இந்த வசதி ஏது? அன்று இரவு மாடிப்படிக்கு அடியில் ஒரு சாக்கை விரித்து, தண்ணீர் வைத்து, கேட்டைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். வந்து படுத்தால் விரட்டாதீர்கள். காலையில் வெடிக்காத வெடிகளையும் காகிதக் குப்பையையும் பெருக்கி எடுத்த பிறகே உங்கள் நாயை வெளியே விடுங்கள். மருத்துவரைப் பார்ப்பதைக் கடைசி நாள் வரை தள்ளிப் போடாதீர்கள். தீபாவளியன்று அவருக்கும் வீட்டில் எண்ணெய்க் குளியல் உண்டு.