நெஞ்செரிச்சலும் நான் மறைத்த ஐந்து மாதமும்

"டீச்சர், இரண்டு மாதமாக உங்கள் பதிவு எதையும் காணோமே" என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். சிலருக்கு "கொஞ்சம் உடம்பு சரியில்லை" என்று மட்டும் பதில் போட்டேன். இன்று முழுக் கதையையும் எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நெஞ்செரிச்சல் புதிதில்லை. வேலையில் இருந்த காலத்தில் காலையில் நின்றுகொண்டே இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடிப்பேன். பதினொரு மணிக்கு டீ. மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு, சில நாள் அதுவும் இல்லை. புளிச்ச ஏப்பம் வந்தால் மேசை டிராயரில் இருந்த மாத்திரையைச் சப்பிக்கொண்டு பாடம் நடத்துவேன். முன் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் "டீச்சர், எனக்கும் மிட்டாய்" என்று கேட்டது நினைவிருக்கிறதா? மிட்டாய் இல்லை, அதுதான். பணி ஓய்வுக்குப் பிறகு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு பேண்டோபிரசோல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். டாக்டரைப் பார்த்ததே இல்லை. கேட்டால் "கேஸ் டிரபிள்" என்பேன்.

போன ஆவணியில் முதலில் சப்பாத்தி தொண்டைக்குக் கீழே, நெஞ்சுக்குழிக்குப் பக்கத்தில் நின்றது. தண்ணீர் குடித்ததும் இறங்கியது. அப்புறம் சோறு நின்றது. கார்த்திகையில் இட்லியே நின்றது.

என் அக்காவை உறவுகள் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் இப்படித்தான் தொடங்கியது. "தொண்டையில ஏதோ சிக்கின மாதிரி இருக்குடி" என்று சொல்லிக்கொண்டே ஆறேழு மாதம் ஓட்டினாள். பார்த்தபோது உணவுக்குழாயில் புற்றுநோய், காலம் கடந்திருந்தது. அதனால் எனக்குச் சோறு நின்ற அன்றே தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாத வரைக்கும் அது இல்லை என்று ஒரு கணக்கு. முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் போட்ட கணக்கு இது.

பொங்கலுக்கு மகள் வந்திருந்தாள். இலையில் வடையைத் தொடாமல், சோற்றைக் கூழாகப் பிசைந்து மோர் விட்டுக்கொண்டிருந்தேன். "அம்மா, நீ சாப்பிடவே இல்ல, குடிக்கிற. எத்தனை நாளா இப்படி?" என்றாள். பதில் சொல்ல முடியாமல் வடையைப் பிய்த்து வாயில் போட்டேன். நின்றுவிட்டது. கொல்லைப்பக்கம் ஓடினேன். அவள் பின்னாலேயே வந்துவிட்டாள். எடை பார்த்தால் ஐந்து கிலோ குறைந்திருந்தது.

நான்காம் நாள் குடல் இரைப்பை மருத்துவரிடம் உட்கார்ந்திருந்தோம். என் மாணவர்கள் வயதுதான் இருக்கும் அவருக்கு. நெஞ்சில் எரிகிறது என்றதும் முதலில் ஈசிஜி எடுக்கச் சொன்னார். மாரடைப்பை வாயு என்று நினைத்து சோடா குடித்துவிட்டு வீட்டிலேயே இருப்பவர்கள் நிறைய பேராம். பிறகு, "விழுங்க முடியலைன்னா மாத்திரை மாத்திப் பார்த்துக்கிட்டு இருக்கக் கூடாதும்மா, எண்டோஸ்கோபி பண்ணிடலாம்" என்றார்.

அதற்குப் பயப்படுகிறவர்களுக்காக நடந்ததை அப்படியே சொல்கிறேன். முந்தின இரவு எட்டு மணிக்குப் பிறகு சாப்பாடு இல்லை. காலையில் தண்ணீரும் இல்லை. தொண்டையில் கசப்பாக ஒரு ஸ்ப்ரே அடித்தார்கள், மரத்துப்போனது. இடது பக்கமாகப் படுக்கவைத்து, கடித்துக்கொள்ள நடுவில் ஓட்டை உள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டை வாயில் வைத்தார்கள். சுண்டுவிரல் கனத்தில் கறுப்புக் குழாய். உள்ளே போகும்போது இரண்டு முறை குமட்டியது, எச்சில் வழிந்தது, ஏப்பமாக வந்தது. மூச்சு அடைக்கவில்லை, அது வேறு வழி. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து மாதம் பயந்தது இதற்கு!

(அந்தக் குழாய்க்குப் பின்னால் ஒரு பாடமே இருக்கிறது. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, 1954-ல் ஹாப்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து, கண்ணாடி இழைக் கட்டு வழியாகப் படத்தை அனுப்பிக் காட்டினார். அதைப் படித்த ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் வளையும் குழாயைச் செய்து, 1957-ல் முதலில் தன் தொண்டையிலேயே விட்டுப் பார்த்தார். இன்றைய குழாயின் நுனியில் குட்டிக் கேமராவே இருக்கிறது. எனக்கு முன்பே தெரிந்திருந்தால் வகுப்பில் சொல்லியிருப்பேன்.)

திரையில் எடுத்த படத்தைக் காட்டினார். இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்க வழவழப்பான சளிப்படலம் உண்டு, உணவுக்குழாய்க்கு அந்தக் காப்பு கிடையாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுருக்குத்தசை தளர்ந்துபோனால் அமிலம் மேலே வரும். வருடக்கணக்கில் வந்து வந்து, என் குழாயின் அடிப்பக்கம் சிவந்து கோடு கோடாகப் புண். ஆறி ஆறித் தழும்பாகி வழியே குறுகிவிட்டது. புண்ணுக்கு ஏ முதல் டி வரை கிரேடு போடுகிறார்கள். எனக்கு சி. ஆயுசு முழுக்க மார்க் போட்டவளுக்குக் கிடைத்த மார்க்! இதில் ஏ என்றால் லேசானது, டி மோசம்.

குழாய் வழியாகவே சதைத் துணுக்குகள் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். எடுத்தது வலிக்கவே இல்லை. முடிவு வர ஆறு நாள். அந்த ஆறு நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அக்காவின் புடவை ஒன்று என்னிடம் இருக்கிறது, அதைத் தலையணையில் போட்டுக்கொண்டு படுத்தேன்.

புற்றுநோய் இல்லை. அமிலத்தால் திசு மாறிப்போய்ப் பின்னால் புற்றாகக்கூடிய நிலையும் இல்லை. மகள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதுவிட்டாள். நான் டாக்டரிடம், "மாத்திரை தினமும் போட்டேனே, அப்புறம் ஏன்?" என்று கேட்டேன். "எப்பப் போட்டீங்க?" "சாப்பிட்டதும்." சிரித்துவிட்டார். சாப்பிடும்போதுதான் அமிலம் சுரக்கும் பம்புகள் முழுமூச்சாக வேலை செய்யுமாம். அதற்கு அரைமணி நேரம் முன்பே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். இத்தனை வருடமும் பஸ் போன பிறகு ஸ்டாப்பில் நின்றிருக்கிறேன்.

சில வாரம் அப்படிச் சரியாகப் போட்டபின் இரண்டாவது எண்டோஸ்கோபி. இந்த முறை தூக்க ஊசி போட்டார்கள். குறுகிய இடத்தில் காற்றில்லாத சின்ன பலூனைச் செலுத்தி, தண்ணீர் நிரப்பி, ஒரு நிமிடம் போலப் பிடித்து, மெதுவாக விரித்தார்களாம். அபூர்வமாகக் கிழிந்துவிடலாம் என்று முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள், அந்த நேரம் கை நடுங்கியது உண்மை. மறுபடி குறுகினால் மறுபடி விரிக்க வேண்டியிருக்கும். இப்போது கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கே முடிந்துவிடுகிறது.

நெஞ்செரிகிற எல்லாரும் குழாய் விடச் சொல்லி ஓடாதீர்கள். பல பேருக்கு மாத்திரையே போதும், எரிச்சல் இருந்தும் எண்டோஸ்கோபியில் புண்ணே தெரியாதவர்களும் நிறைய. ஆனால் விழுங்கும்போது அடைத்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், மலம் தார் போலக் கறுத்தால், வாந்தியில் ரத்தம் வந்தால் அன்றே போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் எண்டோஸ்கோபி செய்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் உளுந்து வடை சுட்டாள். ஒன்று சாப்பிட்டேன், மெதுவாக மென்று. இறங்கியது. அவள் சமையலறை வாசலில் நின்று என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் தாராளமாக வாருங்கள். ஆனால் சாத்துக்குடி, ஆரஞ்சு வாங்கி வராதீர்கள், எனக்கு எரியும். வாழைப்பழம் போதும்.