ஜல்லி உட்காரும் வரை

ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இடித்து இறுக்கி, புதிதாக பேக்கிங் செய்த இடத்தில் முதல் கூட்ஸ் போகும்போது வண்டியைப் பார்க்க மாட்டேன், ஸ்லீப்பரைத்தான் பார்ப்பேன். சக்கரம் ஏறினால் அமுங்கும், விலகினால் எழும்பும். ஆனால் முழுதாக எழும்பாது. கண்ணுக்குப் பிடிபடாத ஒரு துளி கீழேயே நின்றுவிடும். எங்கள் பிழைப்பே அந்தத் துளியோடுதான்.

58 வேகன் கொண்ட பாக்ஸ்-என் சரக்கு ரேக்கில் 232 ஆக்ஸில். சரக்கேற்றினால் ஒவ்வொன்றும் 20 டன்னுக்கு மேல். ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் அடியில் ஜல்லி புரள்கிறது, முனை உடைகிறது, இடுக்கு பார்த்து அமர்கிறது. மரக்காலில் நெல்லைக் குலுக்கி அளந்தவர்களுக்குத் தெரியும், முதல் இரண்டு குலுக்கலில்தான் மளமளவென்று இறங்கும். ஜல்லிக்கும் அதே கணக்கு. பத்தாவது ஆக்ஸிலிலிருந்து நூறாவதுக்குள் இறங்குவதும், ஆயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் இறங்குவதும் ஏறக்குறைய ஒரே அளவு. பேக்கிங் ஆனதும் காஷன் என்ற வேகக் கட்டுப்பாடு போட்டு வண்டியை மெதுவாக விடுவதற்கு இது ஒரு காரணம். இளகிய ஜல்லிக்குத் தண்டவாளத்தைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் தெம்பு குறைவு என்பது இன்னொன்று.

இறங்குவது குற்றமில்லை. எல்லா ஸ்லீப்பரும் சமமாக இறங்கினால் பயணிக்குத் தெரியவே தெரியாது. ஒன்று மட்டும் கூடுதலாக இறங்கினால் அது தண்டவாளத்தில் தொங்கும். சக்கரம் வந்ததும் ஜல்லியை ஓங்கி அடிக்கும். அடிக்க அடிக்கப் பள்ளம் இன்னும் ஆழமாகும். சுற்றிலும் கோலமாவு சிந்தியதுபோல வெள்ளைத் தூள் கிடக்கும். அது கல் அரைபட்ட மாவு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் டெல்டா பக்கம் ஒரு சின்னப் பாலம் என்னைப் படுத்தி எடுத்தது. பாலம் அசையாது, அதை ஒட்டிய மண்கரை இறங்கும். நடுவில் நாலு ஸ்லீப்பர் மாட்டிக்கொண்டது. மாதம் தவறாமல் தூக்கி பேக்கிங் செய்தேன். மறுமாதம் அதே பள்ளம், அதே இடத்தில். என்னைவிட இருபது வயது மூத்தவர், தண்டவாளத்தை நடந்து பார்க்கும் கீமேன், ஒருநாள் சொன்னார்: "உட்கார்ந்த கல்லை நாமளே எழுப்பி எழுப்பி விடுறோம், சார்."

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. லட்சக்கணக்கான ஆக்ஸில் பட்டு இறுகிய பிணைப்பை, பேக்கிங்குக்கு ஜல்லியை இடிக்கும் பீட்டர் ஒரு நிமிடத்தில் குலைத்துவிடும், கல்லையும் உடைக்கும். கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். அதனால்தான் தேவையில்லாத பேக்கிங்கை நான் பராமரிப்பு என்று ஒப்புக்கொள்வதில்லை.

மழைக்காலம் முடிந்து, வண்டிகளை நிறுத்திவைக்க பிளாக் வாங்கித் தோண்டிப் பார்த்தோம். ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே ஜல்லியே இல்லை, சேறுதான். அதில் கற்கள் ஒன்றையொன்று தொடாமல் புதைந்து கிடந்தன. கல்லோடு கல் முட்டினால்தானே பாரம் இறங்கும்? எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டு, தண்ணீர் வடியக் கால்வாய் வெட்டி, 20 முதல் 65 மில்லிமீட்டர் புது ஜல்லியை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கினோம்.

அடுத்த 14 மாதம் அந்த நாலு ஸ்லீப்பரில் பீட்டர் படவில்லை.