அனகாபுத்தூரிலிருந்து, 111-ஆம் இடத்தைப் பற்றி

அனகாபுத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மீனா,

யாழினியைப் பள்ளியிலிருந்து நிறுத்தி முழுநேரமும் டென்னிஸில் விடலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சித்தி வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில்தான் விமான நிலையம். பேச்சைப் பாதியில் நிறுத்தி, விமானம் போனபின் தொடர்வது இந்த வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. கீழே தெருவில் பையன்கள் விளையாடுகிறார்கள். கையில் இருப்பது டென்னிஸ் பந்து, ஆடுவது கிரிக்கெட். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அந்தப் பந்தின் பயன் இன்னும் அது ஒன்றுதான். ரேக்கட் பிடித்துப் பார்க்கவே எங்கோ போய் மணிக்கணக்கில் கோர்ட் வாடகை தரவேண்டும்.

அனகாபுத்தூர் ஒரு காலத்தில் தறி ஊர். ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற கட்டம் போட்ட துணி இங்கிருந்து நைஜீரியாவுக்குப் போனது. அந்த நாடு இறக்குமதிக்குத் தடை போட்டதும் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. இப்போது வாழைநாரில் புடவை நெய்கிற சில குடும்பங்கள் இருக்கின்றன. பக்கத்துத் தெரு நெசவாளர் ஒருவர் கூலிக் கணக்கைச் சொன்னார். நெய்து இறக்கினால்தான் காசு. மழைக்காலத்தில் குழித்தறியில் தண்ணீர் நின்றுவிட்டால் அந்த வாரம் கூலி கிடையாது. அவர் பேசப் பேச எனக்கு ராம்குமார் ராமநாதனின் நினைவுதான் வந்தது. டென்னிஸ்காரருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. ஜெயித்தால் காசு, கணுக்கால் பிசகினால் அந்த மாதம் ஒன்றுமில்லை, பயிற்சியாளருக்கும் ஓட்டலுக்கும் கொடுப்பது மட்டும் நிற்காது.

ராம்குமாரை உனக்கு நினைவிருக்கும். சென்னைப் பையன், 1994 நவம்பரில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே பார்சிலோனாவின் சான்செஸ்-கசால் அகாடமிக்குப் போனார். 19 வயதில், 2014 சென்னை ஓபன் முதல் சுற்றில், அப்போது இந்தியாவின் முன்னணி வீரராக இருந்த சோம்தேவ் தேவ்வர்மனை நுங்கம்பாக்கத்தில் தோற்கடித்தார். 2017 ஜூனில் துருக்கியின் அன்டால்யாவில், புல்தரையில், உலகின் 8-ஆம் இடத்தில் இருந்த டொமினிக் தீமை 6-3, 6-2 என்று வென்றபோது இவருடைய இடம் 222. சர்வ் போட்டுவிட்டு வலையை நோக்கி ஓடுகிற பழைய ஆட்டம். புல்தரையில் அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அடுத்த ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் ஏடிபி ஒற்றையர் இறுதிவரை வந்தார். 2011-இல் சோம்தேவுக்குப் பிறகு எந்த இந்தியரும் எட்டாத இடம் அது. ஸ்டீவ் ஜான்சனிடம் 7-5, 3-6, 6-2 என்று தோற்றார். அந்த மாதக் கடைசியில் தரவரிசையில் 111-ஆம் இடம். ஒற்றையரில் அதற்கு மேல் அவர் போகவில்லை.

111 என்ற எண்ணை யாழினி புரிந்துகொள்ள வேண்டும், மீனா. உலகம் முழுக்க இந்த ஆட்டத்தைத் தொழிலாக ஆடுகிறவர்களில் 110 பேர்தான் அவருக்கு முன்னால். எந்த வேலையில் அப்படி ஒருவர் இருந்தாலும் ஊரே கொண்டாடும். ஆனால் கிராண்ட் ஸ்லாம் முதன்மைச் சுற்றுக்கு நேராகப் போக ஏறக்குறைய முதல் நூறுக்குள் இருக்கவேண்டும். வெளியே இருப்பவர்கள் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயிக்கவேண்டும். ராம்குமார் ஆண்டுக்கணக்கில் அந்த வாசலில் நின்றார். 2021 விம்பிள்டனில் கடைசித் தகுதி ஆட்டம்வரை போய், மார்க் போல்மன்ஸிடம் ஐந்து செட் ஆடித் தோற்றார். ஒற்றையர் கதவு திறக்கவேயில்லை.

நூறுக்கு உள்ளே போனால் என்ன ஆகும் என்பதற்கும் சென்னையிலேயே ஆள் உண்டு. பிரஜ்னேஷ் குணேஸ்வரன், இடதுகைக்காரர். முழங்கால் எலும்பில் விரிசல் விழுந்து இளமையின் நல்ல ஆண்டுகளை இழந்தவர். 2019-இல் 75-ஆம் இடம்வரை வந்தார். அந்த ஆண்டு நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் ஆடினார், நான்கிலும் முதல் சுற்றிலேயே தோற்றார். செய்தித்தாள்கள் ‘மீண்டும் ஏமாற்றம்’ என்ற தோரணையில் எழுதின. எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. அந்த விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவருக்கு 45,000 பவுண்டு, அன்றைய மதிப்பில் 39 லட்சம் ரூபாய்க்குப் பக்கத்தில். அடுத்த பக்கத்தையும் பார். ஆண்களுக்கான கீழ்நிலைப் போட்டிகளின் மொத்தப் பரிசே 15,000 டாலர். ஒரு வாரம் முழுக்க ஜெயித்துக் கோப்பை வாங்குகிறவருக்கு இரண்டாயிரம் டாலர் சொச்சம், அதிலும் வரி போகும். முதல் சுற்றில் தோற்றால் தரவரிசைப் புள்ளி ஒன்றுகூடக் கிடையாது. வாங்கிய புள்ளியும் 52 வாரத்தில் கழிந்துவிடும். பிரஜ்னேஷ் 2024 நவம்பரில் ஓய்வை அறிவித்தார்.

அப்போது நாட்டின் முதல்நிலை வீரராக இருந்த சுமித் நாகல், 2023-இல் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஓர் ஆண்டு ஆட ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய் செலவு என்றும் சொன்னார். மறு ஆண்டு பிப்ரவரியில் அவரே நுங்கம்பாக்கத்தில், முதன்மை ஏடிபி போட்டிகளுக்கு ஒரு படி கீழான சேலஞ்சர் போட்டியில் பட்டம் வென்று முதல் நூறுக்குள் நுழைந்தார். இரண்டும் ஒரே ஆளுக்குச் சில மாத இடைவெளியில் நடந்தவை. யாழினியிடம் இரண்டையும் சேர்த்தே சொல்.

ராம்குமார் நின்றுவிடவில்லை. பல சேலஞ்சர் இறுதிகளில் தோற்ற பிறகு, 2021 நவம்பரில் மனாமாவில் முதல் பட்டம். 2022 தொடக்கத்தில் ரோஹன் போபண்ணாவுடன் அடிலெய்டிலும் புனேயிலும் இரட்டையர் பட்டம். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சாகேத் மைனேனியுடன் வெள்ளி. இவரை ‘கிட்டத்தட்ட ஜெயித்தவர்’ என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கோயம்புத்தூர்ப் பெண் மாயா ராஜேஸ்வரனைப் பார்த்துத்தான் யாழினிக்கு இந்த ஆசை என்று எனக்குத் தெரியும். 2025 பிப்ரவரியில், 15 வயதில், மும்பை டபிள்யூடிஏ 125 போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து அரையிறுதிவரை வந்தாள். ஜில் டைக்மனிடம்தான் தோற்றாள். பிறகு மயோர்க்காவில் நடால் அகாடமியில் பயிற்சி. அவளைப் பார்த்து ஆசைப்படுவது நல்லதுதான். ஆனால் பெண்களுக்கு 18 வயதுவரை ஆண்டுக்கு இத்தனை தொழில்முறைப் போட்டிதான் என்று டபிள்யூடிஏ விதியே இருக்கிறது. சிறுவயதிலேயே ஆடித் தேய்ந்துபோனவர்களைப் பார்த்துப் போட்ட விதி. விளையாட்டை நடத்துகிறவர்களே அவசரப்படாதே என்கிறபோது நீ ஏன் பள்ளியை விட அவசரப்படவேண்டும்?

படிப்பும் ஆட்டமும் ஒன்றாகப் போன வழியும் இருக்கிறது. சோம்தேவ் அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்தபடியே 2007, 2008 இரண்டு ஆண்டும் கல்லூரிகளுக்கான ஒற்றையர் பட்டம் வென்றார். படிப்பை முடித்த பிறகுதான் தொழிலுக்கு வந்தார். 2009-இல் சென்னை ஓபன் இறுதி; பின்னாளில் 62-ஆம் இடம். பத்தாவது முடிகிறவரையாவது பள்ளி இருக்கட்டும். திறந்தநிலைப் பள்ளியைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.

அதற்கு முன் ஒன்று செய். அடுத்து நுங்கம்பாக்கத்தில் சேலஞ்சர் நடக்கும்போது அவளை அழைத்து வா, ஆனால் இறுதி ஆட்டத்துக்கு வேண்டாம். தகுதிச் சுற்று நாளில், வெயிலில், ஓரத்துக் கோர்ட்டில் உட்காரவை. இருநூறாம் முந்நூறாம் இடத்தில் இருப்பவர்கள் எப்படி ஆடுகிறார்கள், தோற்றவர் பையை மாட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு எப்படிக் கிளம்புகிறார் என்று அவள் பார்க்கட்டும். பார்த்த பிறகும் ஆடத்தான் வேண்டும் என்று சொன்னால் நானும் உன் பக்கம் நின்று பணத்துக்கு வழி தேடுகிறேன்.

தங்க இங்கேயே இடம் இருக்கிறது. பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் நேராக நுங்கம்பாக்கம்தான். கோவையிலிருந்து எந்த ரயில் என்று மட்டும் எழுது, சென்ட்ரலுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
வசந்தா