மதகும் மனையும்: கூவத்தின் மேல்கரைக்கு ஒரு மீள்வருகை

சென்னை மாநகருக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கப்படும் கூவம், மதுரவாயலையும் திருவேற்காட்டையும் தாண்டி மேற்கே செல்லச் செல்ல, மணற்படுகையும் கோரைப்புல்லும் பருவமழை நாளில் புதுவெள்ளமும் உடைய ஆறாகவே இன்றும் இருக்கிறது என்பதைச் சென்னைவாசிகளிலேயே பலர் அறிவதில்லை. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆறு, கேசவரம் அணைக்கட்டில் கொசத்தலையாற்றிலிருந்து பிரிந்து, திருஞானசம்பந்தர் பாடிய திருவிற்கோலம் என்னும் கூவம் கிராமத்தையும் மணவாள நகரையும் அரண்வாயலையும் தொட்டுக்கொண்டு, பூந்தமல்லி–திருவள்ளூர் சாலையை ஒட்டிய ஜமீன் கொரட்டூருக்கு வருகிறது. அம்பத்தூரை அடுத்துள்ள கொரட்டூர் வேறு, இது வேறு. இங்கே உள்ள அணைக்கட்டு (ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டப்பட்ட தடுப்பு) வெள்ளத்தின் ஒரு பகுதியைப் பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்புகிறது. நகரம் எந்த ஆற்றின் பெயரைச் சொல்ல முகம் சுளிக்கிறதோ, அந்த ஆற்றின் நீரையே ஓரளவேனும் குடிக்கிறது.

இந்த அணைக்கட்டுக்குக் கீழே ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, அயல்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பிய கட்டுரையாளருக்குச் சாலைகளைக் கொண்டு ஊரை அடையாளம் காண்பது இயலாததாயிற்று. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை செல்லும் வெளிவட்டச் சாலை கூவத்தைக் குறுக்கே கடக்கிறது. திருமழிசையிலும் வெள்ளவேட்டிலும் நெல்வயல்கள் இருந்த இடங்களில் தொழிற்கூடங்களும் கிடங்குகளும் மனைப்பிரிவுகளும் நிற்கின்றன. ஆனால் ஏரிகளைக் கொண்டு வழி தேடியபோது ஊர் தானாகவே புலப்பட்டது. ஏனெனில் இவ்வட்டாரத்தில் ஊர்கள் சாலையைச் சார்ந்து அமைந்தவை அல்ல, ஏரிக்கரையையும் அதன் ஆயக்கட்டையும் (ஏரி நீர் பாயும் நிலப்பரப்பையும்) சார்ந்து அமைந்தவை.

வெளிநாட்டில் வாழ்பவர் மனத்துக்குள் கட்டி வைத்திருக்கும் ஊரைப் பற்றிப் பேச, பக்கத்து ஊரான திருநின்றவூரின் பூசலார் நாயனாரை விடப் பொருத்தமானவர் இல்லை. பொருள் இல்லாததால் கல்லும் சுண்ணமும் எல்லாம் மனத்திலேயே திரட்டிச் சிவனுக்குக் கோயில் எழுப்பியவர் அவர் என்றும், காஞ்சியில் கற்றளி கட்டிய பல்லவ மன்னனின் குடமுழுக்கு அதே நாளில் அமைந்தபோது இறைவன் பூசலாரின் கோயிலுக்கே முதலில் செல்வதாகச் சொன்னார் என்றும் பெரிய புராணம் கூறும். புலம்பெயர்ந்தோரின் மனத்திலுள்ள ஊரும் அவ்வாறே பழுதின்றி நிற்பது. அதில் கடைமடை வரை தண்ணீர் பாயும், தூர் சேராது. கண்முன் உள்ள ஊருக்கோ ஆண்டுதோறும் தூர்வார ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார் என்பதே இவ்வட்டாரத்தின் வரலாற்றில் முதன்மையான கேள்வி. இவ்வட்டாரம் அடங்கிய செங்கற்பட்டுச் சீமையை 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை நடத்திய கணக்கெடுப்பும், அதையொட்டிய ஓலைச்சுவடிக் கணக்குகளும், விளைச்சலில் ஒரு பங்கு ஏரிப் பராமரிப்புக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் முதலிலேயே பிரித்து வைக்கப்பட்டதைக் காட்டுகின்றன. அப்பணியாளர்களுள் நீர்க்கட்டி என்பவர், எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவது என்று பார்த்து மடையைத் திறந்து அடைப்பவர். மிகுநீர் வழியும் கலங்கலின் மேல் முழங்கால் உயரக் கற்கள் இடைவெளி விட்டு வரிசையாக நடப்பட்டிருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓயும் நேரத்தில் அக்கற்களின் இடையே களிமண்ணும் வைக்கோலும் திணித்து நீர்மட்டத்தை உயர்த்துவதும், பெருமழை வந்தால் இரவோடு இரவாக அதைப் பிடுங்கிவிடுவதும் ஊரார் கூடிச் செய்த வேலை. கட்டுரையாளர் கண்ட கலங்கலில் கற்கள் அப்படியே இருந்தன; வழிந்த நீர் இறங்கிச் செல்லும் கால்வாயில்தான் இருபது அடிச் சாலையும் வீடுகளும் இருந்தன. “கல்லு இருக்குது தம்பி, தண்ணி எங்க போறதுன்னுதான் தெரியல” என்றார் அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர்.

சுற்றியுள்ள நகரங்கள் ஒவ்வொன்றும் வேறொரு காலத்தைச் சேர்ந்தவை. பூந்தமல்லி, காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் (விசிறி) வீசித் தொண்டு செய்த திருக்கச்சி நம்பியின் ஊர். திருமழிசை, திருமழிசை ஆழ்வாரின் ஊர். திருவேற்காட்டில் வேதபுரீசுவரர் கோயில் ஆற்றங்கரையில் அமைதியாக இருக்க, கருமாரியம்மன் கோயிலில் ஆடி ஞாயிறுகளில் கூட்டம் அலைமோதுகிறது. 1856இல் ராயபுரத்திலிருந்து மேற்கே ஓடத் தொடங்கிய இருப்புப்பாதையின் மேலுள்ள ஆவடி, 1955 சனவரியில் காங்கிரசு மாநாடு சோசலிசப் பாங்கான சமுதாயத்தை இலக்காக அறிவித்த இடம். பின்னர் அங்கே அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்ததும், கூவக்கரைச் சிற்றூர்களின் இளைஞர்கள் சைக்கிளிலும் ரயிலிலும் லேத் பட்டறைகளுக்குச் சென்றனர். இம்மாற்றத்தைக் குறை சொல்வது முறையாகாது. நிலமற்ற குடும்பங்களுக்குச் சாதியின் பிடியிலிருந்து விலகி மாதச் சம்பளம் வாங்கும் வாய்ப்பைத் தந்தவை அத்தொழிற்சாலைகளே. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சி ஆனது.

வயல் மனையானபோது ஆயக்கட்டு மறைந்தது. ஆனால் ஏரியும் மழையும் மறையவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டதை நாடறியும். திருமழிசையில் துணைக்கோள் நகருக்கென ஒதுக்கிய நிலத்தில் 2020 மே மாதம் கொரோனாவினால் கோயம்பேடு காய்கறிச் சந்தை தற்காலிகமாக இயங்கியபோது, மழையில் அவ்வளாகம் நீர் தேங்கிச் சேறானது. நீர் தன் பழைய தாழ்வை மறக்கவில்லை. அரசு 2017இல் குடிமராமத்துத் திட்டத்தை, அதாவது பயனாளிகளே ஏரியைச் செப்பனிடும் முறையை, மீண்டும் தொடங்கியது. நாற்பது ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள ஏரிகள் அரசின் நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. ஆயினும் பயிரிடுவோரே இல்லாத ஏரிக்குப் பயனாளி யார்? கட்டுரையாளரின் கருத்தில், முன்பு வயலாக இருந்த தெருக்களில் இன்று குடியிருப்போரே அந்த ஏரியின் ஆயக்கட்டுதாரர்கள்; அவர்களின் நலச்சங்கங்களுக்கு மதகிலும் கலங்கலிலும் பொறுப்பும் உரிமையும் தரப்பட வேண்டும். அதற்கு முன், எந்த ஏரி நிரம்பி எதற்கு வழியும், எந்தக் கால்வாய் எந்த மனைப்பிரிவின் அடியில் போகிறது என்பதை, எஞ்சியுள்ள நீர்க்கட்டிக் குடும்பங்களிடம் கேட்டு ஒவ்வோர் ஊராட்சியும் கிராம சபையில் வைத்துப் பதிவு செய்வது அவசரமான வேலை.